கேமரா ஏன் ஃபோகஸ் ஆகவில்லை? கண்ணாடித் தொலைநோக்கியும் காவலூரை உருவாக்கிய வைணு பாப்புவும்

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக அங்கே வந்து சேரும். பௌர்ணமி நிலா மக நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் நாள் அது. அன்று மாலை கடலுக்கு மேலே எழும் முழுநிலவைத் தொலைநோக்கி வழியாகப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஐபீஸ் மேல் போனை வைத்தால் படம் வந்துவிடும். ஆனால் ஐபீஸைக் கழற்றிவிட்டு டிஎஸ்எல்ஆர் கேமராவை மாட்டினால், திரையில் தெரிவது ஒரு வெள்ளைப் புகை மட்டும்தான். ஃபோகஸ் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் தெளிவு வராது.

கேமராவில் கோளாறு இல்லை. தொலைநோக்கியிலும் இல்லை. ஒளி ஒன்றுகூடும் இடமும், கேமராவின் சென்சார் இருக்கும் இடமும் வேறு வேறாக இருக்கின்றன. அவ்வளவுதான்.

வைத்திக்குப்பத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 130 கி.மீ. போனால் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட ஒரு பெரிய தொலைநோக்கி அங்கே நிற்கிறது. ஒளி எங்கே கூடுகிறதோ அங்கே கேமரா உட்கார வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதை உருவாக்கப் பாடுபட்டவர் வைணு பாப்பு. அதில் முதல் ஒளி விழுந்தபோது அவர் உயிருடன் இல்லை. யார் இந்த பாப்பு? அவர் வாழ்க்கைக்கும் நம் கேமரா சிக்கலுக்கும் என்ன தொடர்பு?

போனில் வருகிறது, கேமராவில் வருவதில்லை: ஏன்?

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். கடைகளில் அதிகம் கிடைக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியின் குறுக்களவு 130 மி.மீ., குவியத் தூரம் 650 மி.மீ. குழாயின் அடியில் இருக்கும் குழிக்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, 650 மி.மீ. பயணம் செய்த பிறகு ஒன்றுகூடும். போகிற வழியில் சாய்வாக வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று அதைப் பக்கவாட்டில் திருப்பி ஃபோகஸருக்குள் அனுப்பும். ஆக, ஒளி கூடும் இடம் குழாய்க்கு வெளியே கொஞ்ச தூரத்தில் இருக்கும். அதைக் குவியம் என்கிறோம்.

ஐபீஸ் அந்தக் குவியத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒளியை மறுபடி இணைகதிராக மாற்றித் தரும். நம் கண்ணோ, போனின் லென்ஸோ அந்த இணைகதிரை வாங்கித் தானே ஃபோகஸ் செய்துகொள்கிறது. போனில் படம் விழுவது இதனால்தான்.

லென்ஸ் இல்லாமல் மாட்டும் டிஎஸ்எல்ஆருக்கு அந்த வசதி கிடையாது. அதன் சென்சார் நேரடியாகக் குவியத்திலேயே இருந்தாக வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் சென்சார், கேமராவின் வாயிலிருந்து 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. நிக்கானில் 46.5 மி.மீ. இணைப்பு வளையத்தையும் சேர்த்தால் 55 மி.மீ. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளிய நிலையில், அதன் விளிம்பிலிருந்து 30 மி.மீ. தூரத்தில் குவியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்சார் இன்னும் 25 மி.மீ. உள்ளே போக வேண்டும். ஆனால் அதற்கு மேல் ஃபோகஸர் நகராது.

குவியத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்திருக்கலாமே? வைக்கலாம். அப்படிச் செய்தால் நடுவில் இருக்கும் சாய்வுக் கண்ணாடி பெரிதாக வேண்டும். அது உள்ளே வரும் ஒளியைக் கூடுதலாக மறைக்கும், காட்சியின் தெளிவும் குறையும். கண்ணால் பார்ப்பவருக்காகச் செய்யும் தொலைநோக்கியில் யாரும் அதை விரும்புவதில்லை. எனவே கண்ணுக்கா, கேமராவுக்கா என்பதைத் தொலைநோக்கி செய்யும்போதே முடிவு செய்தாக வேண்டும். வானியலில் 20-ம் நூற்றாண்டு கேமராவின் பக்கம் நின்றது. பாப்பு வளர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

தட்டுகளுக்கு நடுவே ஒரு சிறுவன்

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். குடும்பம் வட கேரளத்தைச் சேர்ந்தது. அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளர் வேலை. வானம் முழுவதையும் படம்பிடித்து நட்சத்திரப் பட்டியல் போட உலக அளவில் நடந்த பெரிய திட்டத்தில் அந்த வானாய்வகமும் பங்கெடுத்தது. அதற்காகவே செய்யப்பட்ட படத் தொலைநோக்கி அங்கே இருந்தது. இன்றைய சென்சாரின் இடத்தில் அன்று இருந்தது, ஒளிபடும் ரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டு.

பாப்பு கல்லூரிப் படிப்பை ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படித்தார். மாணவராக இருந்தபோதே ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1946-ல் அது பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 19-தான். இயற்பியலில் முதுகலை முடித்த பிறகு உதவித்தொகை கிடைத்து, 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

போன சில மாதங்களில் ஒரு வால்நட்சத்திரம்

ஹார்வர்டு வானாய்வகம் அப்போது கண்ணாடித் தட்டுகளின் கிடங்காக இருந்தது. பல பத்தாண்டுகளாக எடுத்துச் சேர்த்த வானப் படங்கள் அங்கே லட்சக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஷ்மிட் வகைத் தொலைநோக்கி ஒன்றும் அங்கே இருந்தது. அதை ஒரு பெரிய கேமரா என்றே சொல்லலாம். அதில் ஒளி கூடுவது குழாயின் நடுவில். அங்கே கண்ணை வைக்க இடமே கிடையாது. தட்டை மட்டும்தான் வைக்க முடியும். குவியப் பரப்பு வளைவாக இருப்பதால் தட்டையும் அதற்கேற்ப வளைத்துப் பொருத்த வேண்டும். கண்ணுக்கா, கேமராவுக்கா என்ற கேள்விக்கு முழுக்க கேமரா பக்கம் நின்று சொன்ன பதில் அது.

1949 ஜூலை 2 அன்று, வழக்கம்போல எடுத்த ஒரு படத் தட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றை பாப்பு கண்டுபிடித்தார். அவருடைய பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கார்டன் நியூகர்க் ஆகியோருடன் சேர்த்து அதற்கு பாப்பு–போக்–நியூகர்க் என்று பெயர் வந்தது. பசிபிக் வானியல் சங்கம் அவருக்கு டான்ஹோ வால்நட்சத்திரப் பதக்கம் கொடுத்தது. இந்தியாவிலிருந்து போய் ஒரு வருடம்கூட ஆகாத 21 வயது மாணவருக்கு இது பெரிய அறிமுகம்.

அந்தத் தட்டு ஃபோகஸிலிருந்து சற்று விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லா நட்சத்திரமும் சின்னச் சின்ன வட்டங்களாகப் பதிந்திருக்கும். மங்கலான வால்நட்சத்திரம் அந்த வட்டங்களில் ஒன்றாகக் கலந்து காணாமல் போயிருக்கும். நட்சத்திரம் கூர்மையான புள்ளியாக விழுந்தால்தான், புள்ளியாக இல்லாத ஒன்று தனியாகக் கண்ணில் படும்.

பாலோமர்: கண்ணாடிக்கு மேலே மனிதக் கூண்டு

1952-ல் முனைவர் பட்டம் வாங்கிய பாப்பு, கார்னகி ஆய்வு உதவித்தொகையில் கலிஃபோர்னியா போனார். மவுண்ட் வில்சன், பாலோமர் வானாய்வகங்களில் வேலை. அந்த உதவித்தொகையைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

பாலோமரில் இருந்தது 200 அங்குல, அதாவது 5.1 மீட்டர், ஹேல் தொலைநோக்கி. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி அதுதான். கேமராவுக்கும் குவியத்துக்கும் உள்ள தகராறை அங்கே வேறு விதமாகத் தீர்த்திருந்தார்கள். ஒளியைப் பக்கவாட்டில் திருப்பவே இல்லை. ராட்சதக் கண்ணாடிக்கு நேர் மேலே, ஒளி இயல்பாகக் கூடும் இடத்தில் ஒரு கூண்டு. அதற்குள் தட்டுடன் வானியலாளரும் உட்கார்ந்துகொள்வார். இரவெல்லாம் குளிரில், தொலைநோக்கியோடு சேர்ந்து மெல்லச் சுழன்றபடி படம் எடுப்பார். கண்ணாடிக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் ஒளி மறையாதா? மறையும். ஆனால் 5 மீட்டர் கண்ணாடிக்கு அந்த இழப்பு சிறியது. நேரடியாகக் கண்ணாடி குவிக்கும் அந்த இடத்துக்கு முதன்மைக் குவியம் என்று பெயர்.

இங்கேதான் ஓலின் வில்சனுடன் சேர்ந்து பாப்பு தன் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தார். சூரியனைவிடக் குளிர்ச்சியான நட்சத்திரங்களின் நிறமாலையில், கால்சியம் உண்டாக்கும் ஒரு கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். அந்தக் கீற்றின் அகலத்துக்கும் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை இருவரும் காட்டினார்கள். 185 நட்சத்திரங்களை அலசிய அந்த ஆய்வு 1957-ல் வெளியானது. உலகம் இன்று அதை வில்சன்–பாப்பு விளைவு என்று அழைக்கிறது.

இதனால் என்ன பயன்? ஒரு பல்பு எத்தனை வாட் என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். நட்சத்திரத்துக்கும் அதே கணக்குதான். தட்டில் விழுந்த ஒரு கோட்டின் அகலத்தை அளந்தால், அந்த நட்சத்திரத்தின் தூரம் கிடைத்துவிடும். மறுபடியும் இங்கே ஃபோகஸ்தான் உயிர். கோடு மங்கி அகன்றால் தூரக் கணக்கே தப்பாகிவிடும்.

நைனிடாலில் எழாத நட்சத்திரம்

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் உலகின் சிறந்த கருவிகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கும். பாப்பு 1953-ல் இந்தியா திரும்பினார். அன்று இந்தியாவில் ஆய்வுக்கு ஏற்ற பெரிய நவீனத் தொலைநோக்கி எதுவும் இல்லை. 1954-ல் உத்தரப் பிரதேச மாநில வானாய்வகத்தின் பொறுப்பு கிடைத்தது. வாரணாசியில் தொடங்கிய அந்த வானாய்வகம் நைனிடால் மலைக்கு மாறியது.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தபோது அவருக்கு வயது 32. அது 1899-ல் தொடங்கப்பட்ட, சூரியனை ஆராய்வதில் பேர்பெற்ற இடம். சூரிய ஆய்வு நன்றாக நடந்தது. ஆனால் இரவு வானத்தின் மங்கலான நட்சத்திரங்களுக்கு வேறு இடமும் பெரிய கண்ணாடியும் தேவைப்பட்டன. அந்த இடத்தைத் தேடும் வேலையை பாப்பு தொடங்கினார்.

ஏன் தெற்கில்? அட்சரேகைதான் காரணம். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரம் ஆல்ஃபா சென்டாரி. நைனிடால் அட்சரேகையில் அது அடிவானத்தைத் தாண்டி எழுவதே இல்லை. காவலூரில் அதே நட்சத்திரம் 16 டிகிரி உயரத்துக்கு வருகிறது. காவலூரின் அட்சரேகை சுமார் 12.6 டிகிரி. வட வானமும் தெரியும், தென் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவே தென் வானத்தைப் பார்க்க வேறு பெரிய வானாய்வகம் அன்று இல்லை.

மேகம் இன்னொரு காரணம். கடலோரத்தில் மேகம் என்ன செய்யும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு கதை உண்டு. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீ 1760-ல் பிரான்ஸிலிருந்து கிளம்பினார். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரை இறங்க முடியவில்லை. ஆடும் கப்பலில் இருந்தபடி துல்லியமாக அளக்கவும் முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்காக 8 ஆண்டுகள் காத்திருந்தார். 1768-ல் புதுச்சேரிக்கு வந்து வானாய்வகமும் கட்டினார். 1769 ஜூன் 4 அதிகாலை, சரியாக அந்த நேரத்தில், மேகம் மூடிக்கொண்டது. கருவி எவ்வளவு சரியாக இருந்தாலும் வானம் கைவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

காவலூரிலும் பருவமழை உண்டு, மேகமும் உண்டு. ஆனால் கடலிலிருந்து தள்ளி, சுமார் 725 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த இடம் அது. ஊர் வெளிச்சம் மிகக் குறைவு.

15 அங்குலத்தில் தொடக்கம்

1968-ல் காவலூரில் முதல் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. அதன் கண்ணாடி 38 செ.மீ., அதாவது 15 அங்குலம். வெளிநாட்டில் வாங்கியது அல்ல, கொடைக்கானல் வானாய்வகத்தின் கொல்லைப்புறத்திலேயே செய்தது. இன்று மொட்டை மாடியில் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்கள் சிலரிடம் இருக்கும் அளவுதான் அது. நிலா, கோள்கள், நட்சத்திரங்கள், வால்நட்சத்திரங்கள் என்று அதை வைத்துப் பல ஆய்வுகள் நடந்தன.

1971-ல் கொடைக்கானல் வானாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனமாக மாறியது. பாப்பு அதன் முதல் இயக்குநர். பிறகு தலைமையகம் பெங்களூருக்குப் போனது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்தது. பலன் உடனே கிடைத்தது. அதே ஆண்டு ஜூனில், வியாழனின் நிலவான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது எடுத்த அளவீடுகள், அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைக் கொடுத்தன. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்த நிகழ்வை உலகின் பல இடங்களிலிருந்து கவனித்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

2.34 மீட்டர்: வாங்கலாமா, செய்யலாமா?

அடுத்தது பெரிய கனவு. 2 மீட்டருக்கு மேல் ஒரு கண்ணாடித் தொலைநோக்கி வேண்டும். வெளிநாட்டிலிருந்து முழுதாக வாங்கினால் சீக்கிரம் கிடைக்கும். பாப்பு இந்தியாவிலேயே செய்யும் வழியை எடுத்தார். கண்ணாடிப் பாளம் மட்டும் மேற்கு ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்திலிருந்து வந்தது. அதைத் தேய்த்து, மெருகேற்றி, வளைவைத் துல்லியமாக்கும் வேலை பெங்களூரில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையிலான ஒளியியல் குழுவிடம் போனது. தொலைநோக்கியைத் தாங்கும் பெரிய இரும்பு அமைப்பை மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது.

இந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு குவியங்கள். கண்ணாடி நேரடியாகக் குவிக்கும் முதன்மைக் குவியம் ஒன்று. அதன் விகிதம் எஃப்/3.25. அதாவது குவியத் தூரம் சுமார் 7.6 மீட்டர். முழுநிலவின் பிம்பம் அங்கே சுமார் 69 மி.மீ. அகலத்துக்கு விழும். நம் 650 மி.மீ. தொலைநோக்கியில் அது 6 மி.மீ.தான். பாலோமர் தொலைநோக்கியின் முதன்மைக் குவிய விகிதம் எஃப்/3.3 என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம் கொண்டவை.

கேஸிகிரெய்ன் குவியம் மற்றொன்று. மேலே ஒரு குவிகண்ணாடியை வைத்து, ஒளியை மறுபடி கீழே அனுப்பி, பெரிய கண்ணாடியின் நடுத்துளை வழியாக வெளியே எடுப்பது. இதன் விகிதம் எஃப்/13. பிம்பம் 4 மடங்கு பெரிதாகும். நிறமாலைக் கருவி போன்ற கனமான பொருள்களை மாட்ட இது வசதி.

ஃபோகஸ் விஷயத்தில் இரண்டுக்கும் குணம் வேறு. முதன்மைக் குவியத்தில் தட்டு அரை மி.மீ. விலகினாலே நட்சத்திரப் புள்ளி 0.15 மி.மீ. வட்டமாக விரிந்துவிடும். நெருங்கி நிற்கும் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றாகிவிட அது போதும். கேஸிகிரெய்னில், மேலே உள்ள கண்ணாடியை 1 மி.மீ. நகர்த்தினால் கீழே குவியம் சுமார் 17 மி.மீ. நகரும். கேமரா சிறியதோ பெரியதோ, குவியத்தை அதன் இடத்துக்குக் கொண்டுவர இது நல்ல வசதி. ஆனால் சின்ன அசைவும் பெரிய பிழையாகும்.

தட்டுக் காலத்தில் கணினித் திரை எதுவும் கிடையாது. ஒரே தட்டில், ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஒரே நட்சத்திரத்தை வரிசையாகப் பதிய வைப்பார்கள். தட்டை இருட்டறையில் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்து, எது மிகச் சிறிய புள்ளியோ அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் உண்மையான படம். இரவு குளிர்ந்தால் இரும்பு சுருங்கும், அளவு மாறும். வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

1982 ஆகஸ்ட்

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக பாப்பு தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஒன்றியத்தின் அடுத்த பொதுக்கூட்டம் 1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் நடக்க இருந்தது. தலைவராக அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆனால் இதய அறுவை சிகிச்சைக்காக மியூனிக் போக வேண்டியதாயிற்று. கூட்டம் நடந்துகொண்டிருந்த நாள்களில், ஆகஸ்ட் 19 அன்று, அவர் அங்கே காலமானார். 55 வயது நிறைந்து 9 நாள்கள்தான் ஆகியிருந்தன.

2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. குழு வேலையைத் தொடர்ந்தது. 1985 நவம்பரில் அதன் கண்ணாடி முதல்முறையாக நட்சத்திர ஒளியைக் குவித்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் வைக்கப்பட்டது.

செய்யும் வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் கொடுத்த விலை இது என்று பார்க்கலாம். வாங்கியிருந்தால் ஒருவேளை அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். ஆனால் பெரிய கண்ணாடியைத் தேய்க்கத் தெரிந்த குழுவும், பெரிய அமைப்பைக் கட்டத் தெரிந்த தொழிற்சாலையும் நாட்டுக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் தொலைநோக்கியில் என்ன செய்யலாம்?

பெரிய தொலைநோக்கிகள் சொல்லும் வழிகள் சின்னதற்கும் பொருந்தும். அடுத்த முறை கேமரா ஃபோகஸ் ஆகவில்லை என்றால் இப்படிப் பாருங்கள்.

முதலில் அளங்கள். ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளி, ஐபீஸைக் கழற்றிவிட்டு, நிலாவை நோக்கித் திருப்புங்கள். திறந்த வாயின் முன்னால் ஒரு மெல்லிய எண்ணெய்த்தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நிலா எங்கே கூர்மையாக விழுகிறதோ அதுதான் குவியம். விளிம்பிலிருந்து அது எத்தனை மி.மீ. என்று அளந்து, உங்கள் கேமராவுக்கும் வளையத்துக்கும் தேவையான அளவோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு பற்றாக்குறை என்று தெரிந்துவிடும். சூரியனை வைத்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். தாள் பற்றிக்கொள்ளும், கண் போய்விடும்.

பற்றாக்குறை தெரிந்தால் வழி நான்கு. ஒன்று, பார்லோ லென்ஸ். அது குவியத்தை வெளியே தள்ளிவிடும். நிலாவுக்கும் கோள்களுக்கும் நல்லது. ஆனால் 2 மடங்கு பார்லோ போட்டால் எக்ஸ்போஷர் நேரம் 4 மடங்காகும். மங்கலான நெபுலாவுக்கு அது கஷ்டம். இரண்டு, உயரம் குறைந்த ஃபோகஸரை மாட்டுவது. மூன்று, மிரர்லெஸ் கேமரா அல்லது வானியலுக்கென்றே வரும் சின்ன கேமரா. பல மிரர்லெஸ் கேமராக்களில் சென்சார் வாயிலிருந்து 16 முதல் 20 மி.மீ. உள்ளே இருப்பதால், சரியான மெல்லிய வளையம் போட்டால் டிஎஸ்எல்ஆரைவிட 25 மி.மீ.க்கு மேல் மிச்சம் கிடைக்கும்.

நான்காவது வழி, அடிக்கண்ணாடியையே குழாய்க்குள் மேலே நகர்த்துவது. நீளமான திருகாணி போட்டு 25 மி.மீ. மேலே ஏற்றினால், குவியமும் 25 மி.மீ. வெளியே வரும். செலவு குறைவு. ஆனால் சாய்வுக் கண்ணாடியில் விழும் ஒளிக்கூம்பு அகலமாகும். அந்தக் கண்ணாடி சின்னதாக இருந்தால் ஓரத்து ஒளி வீணாகிவிடும். எனவே முதலில் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் திருகாணியைத் தொடுங்கள். நகர்த்திய பிறகு கண்ணாடிகளை மறுபடி நேர்படுத்தவும் வேண்டும்.

கேமரா குவியத்தை எட்டிவிட்டால் அடுத்தது நுண்ணிய ஃபோகஸ். எஃப்/5 தொலைநோக்கியில் சரியான இடத்திலிருந்து ஒரு பக்கம் 0.03 மி.மீ. கூட விலக இடமில்லை. தலைமுடியின் தடிமனில் பாதிக்கும் குறைவு அது. 650 மி.மீ. எஃகுக் குழாய் 5 டிகிரி குளிர்ந்தாலே சுமார் 0.04 மி.மீ. சுருங்கிவிடும். மாலையில் சரியாக வைத்த ஃபோகஸ் நடுராத்திரியில் மாறிப்போவதற்குக் காரணம் இதுதான். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, குழாயின் வாயில் பாடினோவ் முகமூடி என்ற கீற்றுத் தகட்டை வைத்தால் மூன்று ஒளிக்கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவில் வந்தால் ஃபோகஸ் சரி. மணிக்கு ஒரு தடவை இதைச் செய்து பார்ப்பது நல்லது. தட்டுக் காலத்தில் இருட்டறைக்குப் போய்த் தெரிந்துகொண்டதை இப்போது 10 விநாடியில் தெரிந்துகொள்ளலாம்.

காவலூர் இன்று

1988-ல் காவலூரின் 48 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. பாப்புவின் பெயரிலும் ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் எண் 2596. கண்ணாடித் தட்டுகளின் இடத்தைச் சென்சார்கள் பிடித்துவிட்டன. 2016-ல் நைனிடாலுக்கு அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதை அமைத்தது, பாப்பு தன் 20-களில் பொறுப்பேற்ற அதே உத்தரப் பிரதேச வானாய்வகத்தின் இன்றைய வடிவமான ஏரீஸ் நிறுவனம்.

2.34 மீட்டர் தொலைநோக்கி ஜவ்வாது மலையில் இன்றும் நிற்கிறது. முதல் ஒளி விழுந்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் கண்ணாடி எங்கே ஒளியைக் கூட்ட வேண்டும், அங்கே எது உட்கார வேண்டும் என்பதெல்லாம் பாப்பு இருந்த காலத்திலேயே முடிவான விஷயங்கள்.